மீன் எடுக்க முன் குணம் விசாரியுங்கள்

கலர்மீன் கடையில் அரை மணித்தியாலம் சும்மா நின்றால் ஒரே கேள்வியைப் பலர் வாயால் கேட்கலாம். "அண்ணை, இது சண்டை பிடிக்குமோ?" பதிலும் அநேகமாக ஒன்றுதான்: "இல்லைத் தம்பி, ஒண்டும் செய்யாது." கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்ல வரவில்லை. அவருடைய தொட்டியில் அந்த மீன் உண்மையாகவே ஒன்றும் செய்வதில்லை, நீங்களும் கண்ணால் பார்க்கிறீர்கள், எல்லாம் ஒற்றுமையாகத்தான் நீந்துகின்றன. அதே மீன் உங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்த மூன்றாம் நாள் பக்கத்தில் இருப்பதன் வாலைக் கடித்துக் கிழித்து வைத்திருக்கும்.

எனக்கு நடந்ததும் இதுதான். இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கி, அழகுக்கு என்று ஓர் ஏஞ்சலும், சுறுசுறுப்புக்கு என்று மூன்று ரைகர் பார்ப்பும் விட்டேன். ஏஞ்சலுக்கு வயிற்றுக்குக் கீழே மீசை மாதிரி இரண்டு நீண்ட செட்டைகள் தொங்கும், கண்டிருப்பீர்கள். இரண்டு நாளில் அவை இல்லை. ரைகர் பார்ப் கெட்ட மீன் என்று கண்டவருக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். பிறகு கொஞ்சம் வாசித்து, கொஞ்சம் பார்த்து, இன்னும் சில மீன்களைப் பறிகொடுத்த பிறகுதான் விளங்கியது, மூன்று எடுத்ததுதான் என் பிழை என்று. எட்டு எடுத்திருக்க வேணும். இது என்ன கதை, மூன்று சண்டைக்காரர் போதாதென்று எட்டா என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

"குணம்" என்று நாங்கள் சொல்வது மூன்று விஷயத்தை

எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசும்போது முதலில் படம் வரும். படத்தைப் பார்த்துப் பிடித்துவிட்டது என்பதற்காக அடுத்த நாளே நாள் வைப்பார்களா? குடும்பம் எப்படி என்று ஊருக்குள் ஆள் விட்டு விசாரிப்பார்கள். அப்புறம் பொடியன் எப்படி, நல்ல குடும்பத்தில் பிறந்த முரடனும் உண்டுதானே. கெட்டிக்காரத் தாய்மார் மூன்றாவதாக ஒன்றையும் விசாரிப்பார்கள்: பிள்ளை போய் இருக்கப் போகிற வீடு எப்படி, எத்தனை பேர், ஒரே குசினியா, தனிக் குசினியா என்று.

மீனிலும் இந்த மூன்றும் உண்டு. குடும்பம் என்பது அதன் இனம்: பைற்றர் என்கிற சண்டைமீன் என்றால் பொதுவாக இப்படி, கப்பி என்றால் பொதுவாக இப்படி. பொடியன் என்பது உங்கள் கையில் உள்ள பொலித்தீன் பையில் இருக்கிற அந்த ஒரு மீன். போகிற வீடு உங்கள் தொட்டி. "இந்த மீன் குணமானது" என்று யாராவது சொல்லும்போது இந்த மூன்றில் எதைச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியாது. கரைச்சல் அங்கேதான் தொடங்குகிறது.

குடும்பம்: வேலிச் சண்டைக்காரர்

யாழ்ப்பாணத்தில் வேலி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. இரவோடு இரவாகக் கதியால் அரை அடி நகர்ந்து, அதற்காகப் பரம்பரையாய்க் கோர்ட்டுக்கு அலைந்த குடும்பங்களின் கதை எல்லா ஊரிலும் ஒன்று இருக்கும். சில மீன் இனங்களும் அதே சாதி. குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டு அதற்குள் வருகிற மற்றதைத் துரத்தும். இதற்கு எல்லை காத்தல் என்று பெயர்.

ஏன் காக்கிறது? அந்த இடத்தில் அதற்கு ஒரு பெறுமதி இருக்கிறது: சாப்பாடு, ஒளிய ஒரு பொந்து, எல்லாவற்றிலும் மேலாகக் குஞ்சு பொரிக்க ஓர் இடம். பைற்றர் தாய்லாந்துப் பக்கத்து வயல்வெளிகளிலும் சதுப்புகளிலும் உள்ள ஆழமில்லாத தண்ணீரில் வாழ்ந்த மீன். (2019இல் அந்த நாடு அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டது.) ஆண் மீன் தண்ணீரின் மேற்பரப்பில் குமிழி குமிழியாக ஊதி ஒரு கூடு கட்டும், முட்டைகளை வாயால் பொறுக்கி அதற்குள் வைக்கும், குஞ்சு நீந்தத் தொடங்கும்வரை பக்கத்தில் நின்று காவல் காக்கும். தாய் வந்தால்கூடத் துரத்தும், ஏனென்றால் தாய் முட்டையைத் தின்றுவிடும். நாங்கள் "சண்டைக் குணம்" என்று சொல்வது ஒரு தகப்பனின் காவல் வேலை. அதற்கு மேல், பந்தயச் சண்டைக்காகத் தலைமுறை தலைமுறையாக மனிதன் முரடனாகப் பார்த்துப் பெருக்கியும் இருக்கிறான். இரண்டும் சேர்ந்துதான் இன்றைய பைற்றர்.

ஏஞ்சலும் ஒஸ்காரும் சிக்லிட் என்ற குடும்பம். இவை முட்டையையும் குஞ்சையும் பார்த்து வளர்க்கிற மீன்கள். சோடி சேராத காலத்தில் ஏஞ்சல் சாதுவாகத் திரியும், சோடி சேர்ந்து முட்டையிட ஓர் இலையைத் துப்புரவாக்கத் தொடங்கிய அன்றிலிருந்து தொட்டியின் அரைவாசி அதற்குச் சொந்தம். "நேற்றுவரை நல்லா இருந்ததே" என்று ஆட்கள் தலையைச் சொறிவது இந்த இடத்தில்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேணும். எல்லை காக்கிற மீனுக்கு எதிரி யார் என்பதைப் பெரும்பாலும் தோற்றம்தான் சொல்கிறது. நிக்கோ டின்பெர்கன் என்ற ஒல்லாந்து விஞ்ஞானி, பின்னாளில் 1973இல் நோபல் பரிசு பெற்றவர், ஐரோப்பாவில் உள்ள ஸ்டிக்கிள்பாக் என்ற சிறு மீனை ஆராய்ந்தார். அதன் ஆணுக்கு இனப்பெருக்க காலத்தில் வயிறு சிவக்கும். மீன் உருவமே இல்லாத ஒரு கட்டையின் அடிப்பக்கத்துக்குச் சிவப்புப் பூசி உள்ளே விட்டாலும் ஆண் மீன் பாய்ந்து தாக்கியது. யன்னலுக்கு வெளியே தபால்காரரின் சிவப்பு வான் போனபோது தொட்டியில் இருந்த மீன்கள் அதை நோக்கிச் சீறினவாம். வான் பாவம்.

ஆகவே பைற்றரோடு நீண்ட வாலும் பளிச்சென்ற நிறமும் உள்ள ஆண் கப்பியை விட்டால், பைற்றர் அதை இன்னொரு பைற்றர் என்று எண்ணக்கூடும். சாம்பல் நிறத்தில் அடியில் மேய்கிற கொறிடோரஸை அது கணக்கில் எடுப்பதே குறைவு. அழகான இரண்டு மீனை ஒன்றாக விட்டால் தொட்டி இரட்டிப்பு அழகாகும் என்று நினைக்கிறோமே, அந்த அழகேதான் அங்கே சண்டைக்கு அழைப்பு.

குடும்பம்: கூட்டத்தோடு கோவிந்தா

இன்னொரு வகை மீனுக்கு வேலியே இல்லை, ஆட்கள்தான் வேணும். பள்ளிக்கூடம் விட்ட நேரம் வெள்ளை யூனிபோமில் இருநூறு பிள்ளைகள் றோட்டில் போகும்போது யாரோ ஒருத்தன் உங்களைப் பார்த்துப் பட்டம் சொல்லிக் கத்துகிறான் என்று வையுங்கள். யார் என்று பிடிப்பீர்களா? திரும்பிப் பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. தின்ன வருகிற பெரிய மீனுக்கும் இதே தடுமாற்றம்தான். ஒன்றைக் குறி வைத்தால் அதற்குள் பத்து குறுக்கே போய்விடும். கூட்டமாக நீந்துதல் என்பது உயிர் தப்புகிற வழி. நியோன் ரெற்றா, பார்ப் வகைகள், கொறிடோரஸ் எல்லாம் இந்தப் பக்கத்து ஆட்கள். கூட்டம் மோதாமல் ஒன்றாகத் திரும்புவதற்குக் கண்ணோடு பக்கக்கோடும் உதவுகிறது. உடம்பின் இரு பக்கமும் ஓடுகிற, தண்ணீரின் அசைவை உணர்கிற புலன் வரிசைக்குத்தான் அந்தப் பெயர்.

இப்படிப்பட்ட மீனைத் தனியே ஒன்றோ இரண்டோ எடுத்தால் அது "கூச்ச சுபாவமாக" மூலையில் நிற்கும், அல்லது "வெறி பிடித்தமாதிரி" மற்றதைக் கடிக்கும். இரண்டையும் அதன் இயல்பான குணம் என்று எழுதிவிட முடியாது, ஆள் இல்லாத அந்தரத்தில் செய்கிற வேலை அது.

இப்போது என் ரைகர் பார்ப்புக்கு வருவோம். அந்த மீன் கூட்டமாக வாழும், அதே நேரம் கூட்டத்துக்குள்ளே யார் பெரியவன் என்று எந்நேரமும் இழுபறிப்படும். இப்படி மேலே கீழே என்று ஒரு வரிசை அமைவதைப் படிநிலை என்பார்கள். எட்டுப் பத்துப் பேர் இருந்தால் அந்த இழுபறி முழுவதும் தங்களுக்குள்ளேயே முடிந்துவிடும், ஒருவர் பட்ட அடியும் பலருக்குப் பங்காகிவிடும். மூன்று பேர் என்றால் சோலி இல்லாத வாலிபர் சந்தியில் நிற்பது மாதிரி, போகிற வருகிறவரோடு சேட்டை. என் ஏஞ்சல் அந்தச் சந்தியால் போன ஆள்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: இனத்துக்கு என்று ஒரு வழக்கம் உண்டு, அது அந்த மீன் இயற்கையில் எப்படிப் பிழைத்தது என்பதிலிருந்து வந்தது. வேலி போடுகிறதா, கூட்டம் தேடுகிறதா என்ற ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாலே பாதிப் பிழைகளைத் தவிர்க்கலாம்.

பொடியன்: ஒரு தாய் பிள்ளைகள் ஒன்றுபோல் இல்லை

கிணற்றில் நுளம்புக் குடம்பி தின்ன என்று கப்பி விட்டிருக்கிற வீடுகள் இங்கே எத்தனையோ. வாளியைக் கிணற்றில் விட்டவுடன் கவனித்துப் பாருங்கள். எல்லாம் கலைந்து ஓடும், சில மட்டும் உடனே திரும்பி வந்து வாளியை மூக்கால் தொட்டுப் பார்க்கும். நாளைக்குப் பார்த்தாலும் அநேகமாக அதே சிலதான் முதலில் வரும். கப்பிக்குப் பெயர் எழுதி வைக்க முடியாது என்பதால் இதை நான் நிரூபிக்கவில்லை, ஆனால் ஆய்வுகூடத்தில் அடையாளம் வைத்து நிரூபித்திருக்கிறார்கள். ஒரே இனத்தில் ஒரு மீன் துணிவாகவும் இன்னொன்று கூச்சமாகவும் இருப்பதும், அந்த வேறுபாடு நாளுக்கு நாள் இடத்துக்கு இடம் ஓரளவு மாறாமல் தொடர்வதும்தான் விலங்கியலில் ஆளுமை எனப்படுவது. மீன் நல்லது கெட்டது யோசிக்கிறது, கோபம் வைத்திருக்கிறது என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் இல்லை. ஒரே மாதிரியான சங்கடம் வரும்போது இந்த மீன் ஒரே மாதிரி நடந்துகொள்ளும், அவ்வளவே.

1992இல் லீ டுகாட்கின் என்ற அமெரிக்க விஞ்ஞானி கப்பிகளைத் துணிவானவை, நடுத்தரம், கூச்சமானவை என்று பிரித்து, அவற்றைத் தின்னக்கூடிய ஒரு பெரிய மீனோடு விட்டுப் பார்த்தார். கடைசியில் அதிகம் மிஞ்சியவை கூச்சக்காரர். துணிந்து போய் எதிரியை எட்டிப் பார்த்தவை ஒன்றும் மிஞ்சவில்லை. அப்படியென்றால் துணிவு ஏன் அழியாமல் இருக்கிறது என்றால், எதிரி இல்லாத நாட்களில் துணிவானதுதான் புதுச் சாப்பாட்டை முதலில் கண்டுபிடிக்கும். எங்கள் ஆட்களிலும் முதலில் கப்பல் ஏறினவனுக்கு நடந்ததும் இருந்துவிட்டவனுக்கு நடந்ததும் அப்படித்தானே, யார் செய்தது சரி என்று காலம் மாற மாறக் கணக்கும் மாறும்.

மீனுக்கு ஞாபகம் மூன்று செக்கன் என்று ஒரு கதை உலாவுகிறது. அது சுத்தப் பொய். தங்கமீனைப் பழக்கினால் சாப்பாட்டுக்காக நெம்புகோலை அழுத்தப் பழகும், பழகியதை நாட்கணக்கில் வாரக்கணக்கில் மறக்காது. வாயால் தண்ணீர் பீய்ச்சிப் பூச்சி விழுத்துகிற ஆர்ச்சர் மீன் மனித முகங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து அறியும் என்று 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஒஸ்கார் வளர்க்கிற யாரிடமும் கேளுங்கள், வீட்டுக்காரர் வந்தால் கண்ணாடியில் வந்து நிற்கும், வேறு ஆள் வந்தால் பின்வாங்கும் என்பார்கள். என் அக்காவின் மகள் வைத்திருக்கிற பைற்றர் அவள் கதிரையை இழுக்கிற சத்தத்துக்கே முன்னுக்கு வரும். "மாமா, அவனுக்கு என்னிலை பாசம்" என்கிறாள். பாசமா சாப்பாட்டுக் கணக்கா என்று நான் அவளோடு வாதாடப் போவதில்லை. முன்னுக்கு வருகிறதே, அது போதாதா.

ஆண் பெண் வித்தியாசத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம். கப்பி, மொலி, பிளாற்றி போன்ற குட்டி போடும் மீன்களில் ஆண்கள் பெண்ணை ஓய விடாது துரத்தும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று எடுத்தால் அந்தத் தொல்லை பங்குபடும். நிறம் ஆணில்தான் என்பதால் ஆட்கள் ஆணாகவே பொறுக்கி எடுப்பார்கள். அல்லது அழகான சோடி என்று ஒன்றுக்கு ஒன்று எடுத்து, பெண் மீன் மெலிந்து சாகிறபோது தண்ணீரில் பிழை என்பார்கள்.

போகிற வீடு: கடையில் சாது, வீட்டில் சண்டியன்

ஆரம்பத்தில் விட்ட புதிரை இங்கே அவிழ்க்கலாம். கடைத் தொட்டியில் ஏன் ஒன்றும் செய்வதில்லை?

முதலாவது, அங்கே நெரிசல். நல்லூர்த் தேரன்று வீதியில் நின்று "இது என் இடம், தள்ளு" என்று எவ்வளவு நேரம் சொல்ல முடியும்? ஒருவரைத் தள்ளினால் ஐந்து பேர் வந்து நிற்பார்கள், களைத்துப் போய் விட்டுவிடுவீர்கள். எல்லை காக்கிற மீனும் அப்படித்தான், காத்து முடியாது என்றால் காக்காது. ஆபிரிக்காவில் மலாவி ஏரிச் சிக்லிட் என்று படு முரடான ஒரு வகை உண்டு, அவற்றை வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே கொஞ்சம் நெருக்கமாக, நல்ல பெரிய பில்டர் போட்டு வளர்ப்பது இந்தக் காரணத்தால். (இதைப் படித்துவிட்டு உங்கள் இரண்டடித் தொட்டியை நிரப்பிவிடாதீர்கள், நெரிசலில் தண்ணீர் கெடுகிற வேகம் வேறு.) நீங்கள் அங்கிருந்து ஒன்றை எடுத்து வந்து விசாலமான தொட்டியில் விட்டால், அதற்கு முதல்முறையாகக் காணி கிடைக்கிறது. காணி கிடைத்தால் வேலி வரும்.

இரண்டாவது, வயது. கடையில் ஐந்து சதக் குத்தியளவில் இருக்கிற ஏஞ்சல் கைவிரல் அளவாகும்போது பக்கத்தில் உள்ள நியோன் அதன் வாய்க்கு அடங்கும் அளவு. அமேசன் ஆற்றில் ஏஞ்சலுக்குச் சின்ன மீன் சாப்பாடு, இங்கே மட்டும் கூட்டாளி ஆகுமா? ஒஸ்கார் கடையில் 5 சென்ரிமீற்றர், வளர்ந்தால் 30.

மூன்றாவது, பயம். புதிதாக வந்து இறங்கிய மீன், கை போட்டு வலை போட்டுக் கலைக்கப்பட்ட மீன், சண்டை பிடிக்கிற நிலையிலேயே இருக்காது. உடம்பில் கோட்டிசோல் என்ற சுரப்பு கூடும்: ஆபத்து நேரத்தில் உடம்பைத் தயார்ப்படுத்துகிற இரசாயனம், எங்களுக்கும் அதுவேதான் சுரக்கிறது. கொஞ்ச நேரம் என்றால் நல்லது, நாட்கணக்கில் கூடியே இருந்தால் மீன் சாப்பிடாது, நிறம் மங்கும், நோய் பிடிக்கும். படிநிலையில் அடியில் மாட்டிக்கொண்டு துரத்து வாங்குகிற மீனுக்கு இதுதான் நடக்கிறது. இதில் இன்னொரு கொடுமை, ஒரு தரம் தோற்ற மீன் அடுத்த தரமும் தோற்பதற்கு வாய்ப்பு அதிகம், வென்றது வெல்லும். அதனால்தான் ஒரு மீன் தொடர்ந்து அடி வாங்கினால் "பழகிவிடும்" என்று விட்டுவைக்கக் கூடாது.

ஒளிக்க இடம் விஷயத்தில் புதியவர்கள் எல்லாரும் பிழை விடுவார்கள், நானும் விட்டேன். கல்லும் செடியும் போட்டால் மீன் ஒளிந்துகொள்ளும், பிறகு எதைப் பார்ப்பது என்று தொட்டியை வெறுமையாக வைத்திருந்தேன். நடப்பது தலைகீழ். ஓட ஓர் இடம் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் மீன் வெளியே துணிந்து திரியும். வெறுந்தொட்டியில் அது மூலையோடு மூலையாக நிற்கும். ஒரு பானை ஓட்டுத்துண்டும் கொஞ்சச் செடியும் போட்ட கிழமையே என் கொறிடோரஸ்கள் வெளியே வந்தன. பார்வையை மறைக்கிற கல் ஒன்று நடுவில் இருந்தால் சண்டைக்காரர் இருவரும் ஒருவரை ஒருவர் காணாமல் இருக்கலாம், மதில் கட்டினால் வேலிச் சண்டை குறைவதுபோல. புது மீன் விடுகிற அன்று கல்லுகளை இடம் மாற்றி வைக்கிற பழக்கமும் இதனால் வந்ததுதான்: பழைய மீனுக்கும் எல்லை குழம்பிவிடும், எல்லாரும் முதலிலிருந்து தொடங்குவார்கள்.

இனி வெப்பம். மீனின் உடம்புச் சூடு தண்ணீரின் சூடுதான். அவுஸ்திரேலியப் பவளப்பாறைகளில் பிடித்த சிறு மீன்களில் செய்த ஓர் ஆய்வில், 3 பாகை செல்சியசுக்கும் குறைவான மாற்றத்திலேயே சில மீன்களின் துணிவும் சண்டைக் குணமும் பல மடங்கு கூடின, சில அசையவே இல்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே உள்ள தொட்டியில் என்ன நடக்கும் என்று நீங்களே யோசியுங்கள். சூடு கூடினால் தண்ணீரில் ஒட்சிசனும் குறையும். அந்தக் கிழமைகளில் கரண்ட் போய்க் காற்று மோட்டரும் நின்றால் மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறக்கும், அதை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். பைற்றர் தப்பும், அதன் தலைக்குள் லேபிரிந்த் என்ற மடிப்பு மடிப்பான உறுப்பு ஒன்று இருந்து, வெளிக்காற்றை நேரே சுவாசிக்க விடுகிறது.

தண்ணீரும் அப்படி. குடாநாட்டுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், கேத்தலின் உள்ளே படிகிற வெள்ளைதான் சாட்சி. இந்தக் கடினத் தண்ணீர் மொலிக்கும் கப்பிக்கும் பிளாற்றிக்கும் கொண்டாட்டம். அமேசன் காட்டாற்றின் மென்தண்ணீரில் பிறந்த நியோன் இங்கே நிறம் மங்கி ஒதுங்கி நின்றால் அதை "அமைதியான மீன்" என்று பாராட்டுகிறோம். பாதி நேரம் அது அமைதி அல்ல, சுகமில்லை.

சுருக்கிச் சொன்னால், கடையில் கண்ட குணம் கடையின் குணமும் சேர்ந்தது. நெரிசல், வயது, பயம், சூடு, தண்ணீர் மாறினால் அதே மீன் வேறு ஆள்.

கடையில் நின்று எதைப் பார்ப்பது

அவசரப்படாமல் பத்து நிமிடம் ஒரே தொட்டிக்கு முன்னால் நில்லுங்கள். கண்ணாடியைத் தட்ட வேண்டாம், தட்டினால் எல்லா மீனும் ஒரே மாதிரித்தான் ஓடும், ஒன்றும் தெரியவராது. கொஞ்சம் சாப்பாடு போடச் சொல்லிக் கேளுங்கள், நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். முதலில் பாய்ந்து வருகிறது யார், இரண்டாவது நிமிடம் வருகிறது யார், வராமலே நிற்கிறது யார். வராமல் நிற்பதில் இரண்டு வகை. செட்டைகளை விரித்து, நேராக நின்று, உங்களைப் பார்த்துக்கொண்டே ஒதுங்கி நிற்பது கூச்சம். செட்டைகளை உடம்போடு ஒடுக்கி, ஒரு பக்கம் சாய்ந்து, செவுள் படபடவென்று அடிக்க நிற்பது நோய். இரண்டாவதைப் பரிதாபத்தில் வாங்கிவிடாதீர்கள், அது வீட்டில் உள்ளதையும் கூட்டிக்கொண்டு போகும்.

கூட்ட மீன் எடுக்கும்போது எல்லாம் முதலில் ஓடி வந்தவையாக எடுக்காமல் கலந்து எடுப்பது என் வழக்கம். பைற்றர் மாதிரித் தனியே வைக்கிற மீன் என்றால் துணிவானதை எடுப்பேன். ஆளைக் கண்டால் முன்னுக்கு வரும், பிள்ளைகளுக்கும் அது பிடிக்கும்.

சில ஆட்களைப் பற்றி என் அபிப்பிராயம்

முதல் தொட்டி, இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், அதாவது விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 56 லீற்றர் என்றால், பிளாற்றியும் கப்பியும்தான் என் தெரிவு. எங்கள் தண்ணீருக்குப் பொருத்தம், எந்நேரமும் ஏதாவது செய்துகொண்டிருக்கும், குட்டி போட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அடியில் ஐந்தாறு கொறிடோரஸ். நிலத்தை மூக்கால் கிளறிக்கொண்டு வரிசையாகப் போவதைப் பார்த்தால் கோயில் வீதி கூட்டுகிற ஆட்களின் நினைவு வரும்.

செரி பார்ப் எங்கள் நாட்டு மீன், தென்மேற்கு ஈரவலயத்து நிழல் ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. ஆண் கடும் சிவப்பு, ரைகர் பார்ப்பின் ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி, ஆனால் சேட்டை இல்லாத மீன். பண்ணையில் வளர்ந்தவை எங்கள் தண்ணீரையும் மெல்ல மெல்லப் பழக்கினால் சமாளிக்கும். செடி அடர்த்தியாக வைத்து ஆறேழு விட்டால் இதைப்போல் ஓர் அடக்கமான அழகு இல்லை. ஏன் எல்லாரும் இதை விட்டுவிட்டுச் சுமாத்திராவிலிருந்து வந்த சண்டியனான ரைகர் பார்ப்பைத் தேடுகிறோம் என்று தெரியவில்லை.

தங்கமீனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைப்பதை நிறுத்துங்கள், வேறென்ன சொல்ல. அது குளிர்த் தண்ணீர் மீன், நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். பெரிய தொட்டி வேணும். குண்டு வயிற்று வகைகள் நீச்சலில் மெதுவானவை, சுறுசுறுப்பான மீன்களோடு விட்டால் சாப்பாட்டில் ஏமாந்துபோகும்.

ஒஸ்காரும் ஃபிளவர்ஹோர்னும் குணத்துக்காகவே வளர்க்கிற மீன்கள். ஃபிளவர்ஹோர்ன் என்ற மீன் இயற்கையில் இல்லை, சிக்லிட் வகைகளைக் கலந்து 1990களில் மலேசியாவில் உண்டாக்கினார்கள். நாய் வளர்க்கிற மாதிரி ஓர் அனுபவம் தருகிறது என்பார்கள், உண்மைதான். ஆனால் நாலடித் தொட்டியில் அது ஒன்றே ஒன்று. அழகான பத்து மீன் வேணுமா, ஆளைத் தெரிந்த ஒரு மீன் வேணுமா என்று வீட்டில் கதைத்து முடிவெடுத்துவிட்டுப் போங்கள்.

ராங்க் கிளீனர் என்று விற்கிற உறிஞ்சி மீனை, தொட்டி தானே துப்புரவாகும் என்ற ஆசையில் எல்லாரும் வாங்குகிறோம். சின்னதில் பாசி தின்னும். பிறகு ஒன்றரை அடிவரை வளரும், தின்கிறதை விடக் கழிக்கிறது அதிகம். வளர்ந்ததும் தொட்டியில் வைக்க முடியாமல் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். அப்படி விட்டுவிட்டுத்தான் இலங்கையின் ஆறு குளங்களில் அது இன்று வந்தேறி மீனாகப் பெருகியிருக்கிறது. ஒத்துவராத மீனைக் கேணியிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். வாங்கிய கடையில் கொடுங்கள், பலர் காசு தராவிட்டாலும் மீனை ஏற்பார்கள், இல்லாவிட்டால் பெரிய தொட்டி உள்ள ஒருவரைத் தேடுங்கள்.

நான் என் ஏஞ்சலை அப்படித்தான் நாலடித் தொட்டி வைத்திருந்த ஒரு கூட்டாளியிடம் கொடுத்தேன். மீசை இரண்டும் கொஞ்சம் கோணலாகத் திரும்ப முளைத்தன. ரைகர் பார்ப்போடு இன்னும் ஐந்தைச் சேர்த்து விட்டேன், இப்போது பின்னேரத்தில் தேத்தண்ணீரோடு தொட்டிக்கு முன்னால் இருந்தால் எட்டும் தங்களுக்குள் யார் பெரியவன் என்று சுற்றிச் சுற்றி ஓடுகின்றன, அடியில் மேய்கிற கொறிடோரஸ்களை ஒன்றும் திரும்பிப் பார்ப்பதில்லை.